கறுப்புத் தொழுவத்தில் ஒரு சிவப்புக் கன்று

அத்தியாயம் 5

மூன்றாவது பசுவும் செத்துப்போன செய்தியோடு கெர்லோஃப் எங்கள் அலுவலகப் படியேறி வந்தபோது காலை மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அவருடைய ஹில்டவெர்ட் கிராமத்திலிருந்து எங்கள் லேவார்டன் நகரம் வரை பதினான்கு கிலோமீட்டர், 1984 ஜனவரி மாத எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“ரொட்டிக் கடைல பேசிக்கிட்டாங்க மேடம். எங்கிட்டச் சொல்லல. நான் பக்கத்துல நிக்கிறேன்னு தெரிஞ்சேதான் சத்தமாப் பேசினாங்க.”

அவர் ‘மேடம்’ என்றது ரின்ஸ்கே ஹாக்ஸ்மாவை. இருபது வருஷம் போலீஸ், அதன்பின் இந்தத் துப்பறியும் அலுவலகம். நான் வொப்பே, அவருடைய உதவியாளன். அதற்குமுன் பதினொரு வருஷம் பால் டாங்கர் லாரி ஓட்டினேன். இந்த மாகாணத்தின் பண்ணைச் சந்துகள் அத்தனையும் எனக்கு அத்துப்படி என்பதால் சேர்த்துக்கொண்டதாக மேடம் சொல்வார். என் வாய்க்கு வேறு யாரும் வேலை தரமாட்டார்கள் என்பது என் கட்சி.

வழக்கு இதுதான். கெர்லோஃப் பத்தொன்பது வருஷமாக மெய்ண்டர்ட் ஹோய்திங்கவின் பண்ணையில் பால் கறப்பவர். டிசம்பரிலிருந்து அங்கே கன்று ஈன்ற பசுக்களில் சில விழ ஆரம்பித்தன. ஈன்று பத்து நாளுக்குள் தீவனத்தைத் தொடாது. பால் வற்றும். அப்புறம் படுத்தால் எழுந்திருக்காது. அறுபது பசுக்களில் ஆறு இப்படி விழுந்தன. செத்த மாடு ஏற்றும் லாரி இன்றோடு மூன்று முறை வந்து போய்விட்டது.

கீட்டோசிஸ் என்றார் மாட்டு டாக்டர். தின்பதைவிட அதிகமாகக் கறக்கிற பசு, பாலுக்காகத் தன் உடம்புக் கொழுப்பையே எரித்துக்கொள்ளும். கல்லீரல் தாங்காது. ஆனால் ஒரு பண்ணையில் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் இப்படி ஆகும், ஐந்து வாரத்தில் ஆறு எப்படி என்று அவருக்கே புரியவில்லை. மெய்ண்டர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. யாரோ எதையோ புகட்டிப் பசுக்களின் பசியைக் கெடுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன், கெர்லோஃப் ஒரு பசுவின் வாயைத் திறந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்ததை அவரே பார்த்தார். அது பீட்ரூட் சர்க்கரைப் பாகு, மாட்டுக்குத் தெம்பு வரட்டும் என்று கொடுத்தேன் என்றார் கெர்லோஃப். மெய்ண்டர்ட் நம்பவில்லை. அன்றே வேலை போனது. பண்ணைக்குச் சொந்தமான குடியிருப்பையும் சனிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும்.

அன்று வியாழக்கிழமை.

கெர்லோஃப் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “என் பெண்டாட்டி தேவாலயத்துல உக்காந்தா அந்த வரிசையே எந்திரிச்சுப் போகுது. எனக்கு வயசு அம்பத்தாறு. மாடு கறக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. விஷம் வெச்சவன்னு பேர் வாங்கினவனை எவன் தொழுவத்துல விடுவான்?”

மேடம் கோட்டை எடுத்தார்.

மெய்ண்டர்ட் எங்களை உள்ளே விட்டதற்குக் காரணம், கெர்லோஃபுக்கு எதிராக நாங்களே சாட்சி கண்டுபிடிப்போம் என்ற நம்பிக்கைதான். அறுபது வயது, நெட்டை மனிதர். அவருடைய தொழுவம் என் வீட்டு வரவேற்பறையைவிடச் சுத்தமாக இருந்தது. சுவர் நெடுகக் கண்காட்சிப் பரிசுகள். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். பேசும்போது கையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

விழுந்த ஆறில் உயிரோடிருந்த மூன்றையும் காட்டினார். நான் ஒன்றின் மூஞ்சிக்குப் பக்கத்தில் குனிந்ததும் சட்டென்று நிமிர்ந்தேன். மூச்சில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. மேடமும் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றார். சிலருக்கு அந்த வாடை பிடிபடாது.

“இருபது வருஷம் போலீஸ் நாய்ங்களோட வேலை பாத்திருக்கீங்க மேடம். ஒரு மூக்கையாவது கேட்டு வாங்கியிருக்கலாம்,” என்றேன்.

மெய்ண்டர்ட் சிரிக்கவில்லை. எங்களை மேஜைக்கு அழைத்துப்போய்ப் பசுக்களின் பரம்பரைச் சீட்டுகளைப் பரப்பினார். தகப்பன், தாய், பிறந்த தேதி, உடம்பின் கறுப்பு வெள்ளைத் திட்டுகளைக் கையால் வரைந்த படம், எல்லாம் ஒவ்வொரு சீட்டிலும் இருந்தன.

“நோய்னா ஒரு குடும்பத்துல ஓடும். நானும் நாப்பது வருஷமாப் பாக்கிறேன். இந்த ஆறும் நாலு வேற வேற காளையோட பொண்ணுங்க. சினை ஊசிக்கு ஒவ்வொரு காளையையும் நானே தேர்ந்தெடுத்தேன். ஒரே தீவனம், ஒரே தண்ணி, பக்கத்துல நிக்கிறது நல்லா இருக்கு. இப்படிப் பொறுக்கி எடுக்க நோய்க்குத் தெரியாதும்மா. மனுஷனுக்குத்தான் தெரியும்.”

பேச்சில் ஓட்டை இல்லை. எனக்கே கெர்லோஃப் மேல் லேசாகச் சந்தேகம் வந்தது. மேடம் சீட்டுகளைப் புரட்டினார், அறுபதையும்.

நான் தொழுவத்தின் கோடிக்குப் போனேன். சணல் சாக்குத் தொங்கவிட்டிருந்த ஒரு சிறு அடைப்பு. சாக்கை விலக்கினால், உள்ளே ஒரு கன்று. ஹோய்திங்க பண்ணையில் நாற்பது வருஷமாகக் கறுப்பு வெள்ளை தவிர வேறு மாடு கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். இந்தக் கன்று செங்கல் நிறத்தில் இருந்தது.

“இங்க ஒருத்தர் சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கார்,” என்று குரல் கொடுத்தேன்.

மெய்ண்டர்ட்டின் காது சிவந்தது. போன வாரம் பிறந்ததாம். தாய் அதோ நிற்கிறது என்று காட்டினார். குளம்பில் புண் வந்து இலையுதிர் காலம் முழுக்க இளைத்துப்போய்க் கிடந்த பசு. அது விழவில்லை. மேடம் மெதுவாகக் கேட்டார், சிவப்புக் கன்று எப்படிப் பிறக்கும் என்று. தகப்பன் ரத்தத்திலும் தாய் ரத்தத்திலும் சிவப்பு ஒளிந்திருந்தால் மட்டும்தான் என்றார் அவர். கன்றின் தகப்பனுக்குள் சிவப்பு உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். தன் பசுக்கள் சுத்தம் என்பதால் தைரியமாக அந்தக் காளையின் ஊசியைப் போடச் சொன்னாராம்.

“அப்ப இந்தத் தாய்க்கு சிவப்பு எங்கேருந்து வந்தது?”

மெய்ண்டர்ட் சீட்டை எடுத்தார். அந்தத் தாயின் தகப்பன் சுத்தம். அவளுடைய தாய் வழியும் சுத்தம். சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு, இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்று எங்களை வெளியே அனுப்பினார். வாசலில் அவர் மனைவி சீட்ஸ்கே கையில் காப்பித் தட்டோடு நின்றிருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது தட்டைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

காரில் ஏறியதும் மேடம் தன் நோட்டை விரித்தார்.

“அறுபது சீட்டுல பத்தை மட்டும் குறிச்சுக்கிட்டேன். பத்தும் 1979 நவம்பர் இருபத்திரண்டுலேருந்து டிசம்பர் அஞ்சுக்குள்ள பிறந்தது. விழுந்த ஆறும் அந்தப் பத்துலதான் இருக்கு. சிவப்புக் கன்னோட தாயும் அதுல ஒண்ணு.”

“நாலு அப்பா, ஒரே பிரசவ வார்டு.”

“மிச்சம் மூணு ஈன்னதா சீட்டுல இன்னும் ஏறலை. சினை ஊசி போட்டவர் வீட்டுக்கு விடு.”

வீப்ரன் முப்பது வருஷமாக அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் சினை ஊசி போடுபவர். சமையலறையில் காப்பி கொடுத்தார், ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்கவிட்டு டப்பாவை மூடினார். மேடம் பழைய ஊசிச் சீட்டுகளின் நகல்களைக் கேட்டார். எல்லாவற்றையும் வருஷ வாரியாகக் கட்டி வைத்திருந்தார் மனிதர். ஹோய்திங்க பண்ணை, 1979, பிப்ரவரி பதினைந்து முதல் இருபத்தெட்டு வரை இருபது ஊசிகள். நான்கு காளைகளின் பெயர்கள், தேதி, கையெழுத்து, எல்லாம் கச்சிதமாக இருந்தன.

தேதியைப் பார்த்ததும் சீட்டை என் பக்கம் இழுத்தேன். அந்தப் பிப்ரவரியை என்னால் மறக்க முடியாது.

“வீப்ரன், உங்ககிட்ட அப்ப என்ன வண்டி இருந்தது?” என்றேன்.

சின்ன ரெனோ கார் என்றார்.

“எங்கிட்ட இருந்தது பன்னெண்டு டன் டாங்கர். பதினாலாம் தேதி அடிச்ச பனிப்புயல்ல ஹில்டவெர்ட் பாதையில சிக்கினவன் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அதை வெளிய எடுத்தேன். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரங்க அத்தனை பேரும் பாலைப் பனியில ஊத்தினாங்க. கூரை அளவு பனி. உங்க ரெனோ எப்படிப் போச்சு? பறந்தா?”

வீப்ரன் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தான் போகவே இல்லை என்று கடைசியில் சொன்னார். பனி உருகியதும் சீட்ஸ்கே போன் செய்து பசுக்களின் பட்டியலைப் படித்தார். புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சீட்டுகள் தயாராக இருக்கவேண்டும் என்று அழுதார். மெய்ண்டர்ட் எழுதி வைத்திருந்த காளைகளின் பெயரையே போட்டு இவர் இருபது சீட்டிலும் கையெழுத்திட்டார். வேலைக்குப் போகாதவன் என்ற பேர் தனக்கும் வேண்டாம் என்று நினைத்தார். நிஜமான காளை எது என்று அவருக்குத் தெரியாது.

“அப்ப அங்க பசுக்களைப் பாத்துக்கிட்டது யாரு?” என்றார் மேடம்.

“சீட்ஸ்கேயும் கெர்லோஃபும்தான். வேற யாரு?”

வெளியே வந்து காரில் ஏறினோம். எங்கள் கட்சிக்காரருக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்த ஒரு நக்கலை நான் விழுங்கினேன்.

கெர்லோஃபின் வீட்டில் பாதிச் சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. மனைவி உள்ளறையில் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேடம் நின்றபடியே கேட்டார். “பனி விழுந்த வருஷம் எந்தக் காளையைக் கொண்டு வந்தீங்க?”

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மெய்ண்டர்ட் அப்போது முதுகு ஆபரேஷனுக்காக ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு பசுகூட நவம்பர் ஈத்தைத் தவறவிடக் கூடாது என்று படுக்கையிலிருந்து தினமும் போன். பனியில் பாதை அடைத்துக்கொண்டது. பசுக்கள் ஒவ்வொன்றாகச் சினைக்கு வந்து கத்தின. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஊபெலே என்பவரிடம் ஒரு காளை இருந்தது. ஊபெலே பிறகு பண்ணையை விற்றுவிட்டுக் கனடா போய்விட்டார். சீட்ஸ்கே கேட்டுக்கொண்டதன் பேரில் உறைந்த கால்வாயின் மேல் சாம்பலைத் தூவி, காளையின் குளம்புகளில் சாக்கு கட்டி, இருவருமாக இந்தப் பக்கம் நடத்தி வந்தார்கள். மெய்ண்டர்ட்டுக்குத் தெரியவே கூடாது என்று அந்தம்மா கையைப் பிடித்துக் கேட்டார். கெர்லோஃப் வாக்குக் கொடுத்தார்.

“அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்? அஞ்சு வருஷம் ஆச்சே.”

“ஊபெலே பசுக்கள் எப்படிக் கறக்கும்?”

“கொட்டும். ஊர்லயே அவன் வீட்டுக்குத்தான் பெரிய கேன். ஆனா மூணாவது ஈத்துக்கு மேல எதையும் பாத்ததில்ல. ஈன்னதும் விழுந்து...”

அங்கேயே நின்றுபோனார். மேடம் மிச்சத்தை மெல்லச் சொன்னார். விழுந்த ஆறும் அந்தக் காளையின் மகள்கள், மூன்றாவது ஈத்து. மடியில் பாலைக் கொட்டும் சுபாவமும், தின்பதற்குள் உடம்பை எரித்துவிடும் சுபாவமும் ஒரே தகப்பனிடமிருந்து வந்திருக்கின்றன. சிவப்புக் கன்றின் தாய்க்குள் ஒளிந்திருந்த சிவப்பும் அதனிடமிருந்துதான். அந்த ரத்தம் இருந்தால் விழுந்தே தீரும் என்றில்லை. விழும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இளைத்துக்கிடந்த ஒன்று தப்பித்துக்கொண்டது. மெய்ண்டர்ட் இந்த வருஷம் கொழுக்கக் கொழுக்கத் தீவனம் போட்டதில் மற்றவை மாட்டிக்கொண்டன.

கெர்லோஃப் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் கறந்த, முட்டி வீங்கிய கைகள்.

“அப்ப நான்தான் கொன்னேன். கயிறு பிடிச்சது நான்தானே.”

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றார் மேடம். இதை மெய்ண்டர்ட்டிடம் சொன்னால் விஷம் வைத்த பேர் இன்றைக்கே போய்விடும் என்றார். கெர்லோஃப் தலையை ஆட்டினார். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றார். அந்தம்மா பொய்ச் சீட்டு எழுத வைத்தது தெரிந்தால் மெய்ண்டர்ட் தாங்கமாட்டார், அந்த வீடு உடைந்துபோகும். நான் எங்கேயாவது போய்க்கொள்கிறேன், கேஸை முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார். உள்ளறையில் திரைச்சீலை வளையங்கள் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. மனைவி வாசலில் வந்து நின்றார். அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்பது முகத்தில் இருந்தது.

துப்புத் துலக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு போகச் சொன்ன முதல் கட்சிக்காரர் இவர்தான். மேடம் என்னைப் பார்த்தார். நான் வழக்கமாக ஏதாவது சொல்வேன். அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்.

“பத்துல மூணு இன்னும் மிச்சம் இருக்கு கெர்லோஃப். அதுங்களுக்கு யார் பாகு ஊத்துவா?”

அவர் நிமிர்ந்தார். எந்த மூன்று என்று கேட்டார். மேடம் அந்தப் பசுக்களின் நம்பர்களைப் படித்தார். அவர் நோட்டைப் பார்க்காமல் மனசுக்குள்ளேயே தேதி போட்டார். நடுவில் சொன்னது நாலு நாளைக்கு முன்னாலேயே ஈன்றிருக்கவேண்டும் என்றார். பிறகு எழுந்து, பெட்டிக்குள் வைத்திருந்த ரப்பர் பூட்ஸை வெளியே எடுத்தார்.

பண்ணை முற்றத்தில் மெய்ண்டர்ட் அவரைப் பார்த்ததும் வழியை மறித்து நின்றார். கத்தவில்லை. இன்னும் ஒரு அடி வைத்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கெர்லோஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய்யை அப்போதுதான் சொன்னார்.

“முதலாளி, பனி விழுந்த வருஷம் ஊபெலே காளையை நான் இங்க கூட்டிட்டு வந்தேன். யாருக்கும் சொல்லாம நானே செஞ்சேன். அம்மாவுக்குத் தெரியாது. விழறதெல்லாம் அதோட பொண்ணுங்கதான்.”

மெய்ண்டர்ட் அவரையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு அடி முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“அவர் பொய் சொல்றார்.”

சீட்ஸ்கே தொழுவத்தின் வாசலில் நின்றிருந்தார். கைகள் மாவாக இருந்தன.

“காளையைக் கேட்டது நான். ஊசிச் சீட்டை எழுதச் சொன்னதும் நான். நீங்க படுக்கையிலேருந்து தினம் போன் பண்ணி ஈத்து ஈத்துன்னு கேட்டீங்க. ஒரு நாளாவது எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா? பயந்துட்டேன். ரெண்டு வாரமா இவரை ஊரே விஷக்காரன்னு சொல்லுது. அந்தக் காளைதான் காரணம்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. ஆனா இவர் விஷம் வைக்கமாட்டார்னு எனக்குத் தெரியும். அதைக்கூட உங்ககிட்டச் சொல்லாம இருந்தேன்.”

மெய்ண்டர்ட், முதுகு ஆபரேஷன் ஆன மனிதர், முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷத்துச் சுத்த ரத்தம், சுவர் நிறையப் பரிசு. எதை முதலில் இழந்தோம் என்று அவருக்கே தெரியாத மாதிரி முகம்.

கடைசியில் கெர்லோஃப்தான் பேசினார். நாலு நாளைக்கு முன் ஈன்றது தீவனம் எடுக்கிறதா என்று கேட்டார்.

“காலையிலேருந்து தொடல,” என்றார் மெய்ண்டர்ட்.

“நான் ஒரு தடவை மோந்து பாக்கட்டுமா முதலாளி?”

மெய்ண்டர்ட் வழியைவிட்டு நகர்ந்தார்.

கெர்லோஃப் அந்தப் பசுவின் மூச்சை ஒரு கணம் முகர்ந்தார், டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். டாக்டர் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். வாயில் புகட்டுவதற்கு ஒரு திரவ மருந்தும் தந்தார். கெர்லோஃப் புகட்டினார், மெய்ண்டர்ட் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அந்தப் பசு பிழைத்தது. அடுத்த மூன்று வாரத்தில் ஈன்ற மற்ற இரண்டில் ஒன்று பிழைத்தது, ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அது பின்னாளில் எங்களுக்குத் தெரியவந்தது.

அன்று மதியம் கிளம்பும் நேரத்தில் மெய்ண்டர்ட் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சாயங்காலக் கறவைக்கு ஆள் இல்லை, நீ இருப்பாயா என்று கெர்லோஃபைக் கேட்டார். இருக்கிறேன் என்றார் அவர். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரில் யாரும் உச்சரிக்கவில்லை. மெய்ண்டர்ட்டுக்கு அது வரவுமில்லை.

நாங்கள் சமையலறையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் மேஜையின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தப் பரம்பரைச் சீட்டுகள். திடீரென்று, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்.

“இருபது பசு ஈன்னது. பொண்ணு பத்துதான்.”

மேடம் கோட்டில் பாதிக் கையை நுழைத்தபடி நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மிச்சம் பத்தும் காளைக் கன்றுகள். ஹோய்திங்க பண்ணைச் சீட்டோடு விற்றால் அக்கம்பக்கத்தில் நம்பி வாங்குவார்கள். ஆறு இறைச்சிக்குப் போயிற்று, நான்கைப் பொலிகாளையாகக் கொடுத்தேன் என்றார் மெய்ண்டர்ட். அவற்றின் மகள்கள் இந்த வருஷம்தான் முதல் ஈத்துக்கு வருகின்றன. நான்கு தொழுவங்களில் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில், அவை மூன்றாவது ஈத்துக்கு வரும்போது, அங்கெல்லாம் யாராவது ஒரு கறவைக்காரன் கையில் பாட்டிலோடு பிடிபடலாம்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் ஹோய்திங்க என்ற பேருக்கு இந்த மாகாணத்தில் மதிப்பே இருக்காது. சீட்ஸ்கே கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, காளை வாங்கிய நான்கு வீடுகளின் போன் நம்பர்களைத் தேடி அவர் முன் வைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெய்ண்டர்ட் முதல் நம்பரைச் சுற்றினார். மறுமுனையில் யாரோ உற்சாகமாக நலம் விசாரிப்பது எங்களுக்கே கேட்டது.

“ஹோய்திங்க பேசறேன்,” என்றார். “எங்கிட்ட ஒரு காளை வாங்கினீங்கல்ல. அந்தச் சீட்டுல இருக்கிறது பொய்.”